நீர்க்கடுப்புக்கு மாத்திரை கேட்காமல் போவது ஏன்? யாருக்கு அந்த ஆபத்து அதிகம்?

சிறுநீர் போகும்போது எரிச்சல், போய்விட்டு வந்த பத்தாவது நிமிடமே மறுபடி முட்டல், அடிவயிற்றில் கனம், கலங்கிய நீர், சில நேரம் அதில் ரத்தச் சாயல். திருநெல்வேலிச் சீமையில் இதை நீர்க்கடுப்பு என்பார்கள். சூடு பிடித்துவிட்டது என்று சிலர் இளநீரும் வெந்தயமும் எடுத்துக்கொள்வார்கள். சிலர் தெருமுனை மெடிக்கலில், “அண்ணாச்சி, போன தடவ குடுத்தீங்கள்லா, அதே மாத்திரய ரெண்டு நாளைக்குத் தாங்க” என்று வாங்கிப் போவார்கள். முன்பெல்லாம் அந்த மாத்திரை கேட்டது. இப்போது பலருக்குக் கேட்பதில்லை. எரிச்சல் இரண்டு நாள் அடங்கி மூன்றாம் நாள் திரும்புகிறது. அல்லது அடங்காமலே குளிர்காய்ச்சல் வரை கொண்டுபோய் விடுகிறது.

யாருக்கு மாத்திரை கேட்காமல் போகும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே ஊகிக்க முடியும். அதற்கு வேண்டிய தகவலில் பெரும்பகுதி நோயாளியின் கையிலேயே இருக்கிறது. கடந்த ஓராண்டில் என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டார், எந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார், பழைய கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் என்ன வந்தது, இந்த மூன்றும் தெரிந்தால் டாக்டர் சரியான மருந்தை முதல் தடவையே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

முதலில் சூட்டையும் தொற்றையும் பிரித்துப் பார்த்துவிடுவோம். அக்னி நட்சத்திர வெயிலில் ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் வெளிவேலை செய்கிறவர்களுக்கு உடம்பில் தண்ணீர் குறைந்து, சிறுநீர் அடர்மஞ்சளாகி எரியும். சில மணி நேரம் நன்றாகத் தண்ணீர் குடித்து நிறம் வெளுத்ததும் அந்த எரிச்சல் போய்விடும். நிறம் வெளுத்த பிறகும் எரிச்சலும் முட்டலும் விடாமல் இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு வெளியுறுப்பில் அரிப்பும் தயிர்த் திப்பி போன்ற வெள்ளைப்படுதலும் சேர்ந்திருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பூஞ்சைத் தொல்லை கூடுதலாக வரும். பூஞ்சைக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் பூஞ்சை இன்னும் பெருகும். ஒரு பயனும் இல்லாமல் ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டது என்பது அதைவிடப் பெரிய நஷ்டம். ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

மாறுவது கிருமி

“உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு” என்று சொல்வது வழக்கம். உடம்பு பழகுவதில்லை, கிருமிக் கூட்டம்தான் மாறுகிறது. நீர்க்கடுப்பில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது வெளியிலிருந்து புதிதாக வந்து தாக்குவதில்லை. நம் குடலில் குடியிருப்பது. மலவாய்ப் பக்கத்திலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு நகர்ந்து, அங்கிருந்து மேலேறிச் சிறுநீர்ப்பையை அடைகிறது. பெண்களுக்குச் சிறுநீர்த்தாரையின் நீளம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் அளவு. பெண்களுக்கு இந்தத் தொற்று அதிகம் வருவதற்கு முதல் காரணம் இந்தத் தூரம்தான். அசுத்தமாக இருந்ததால் வந்தது என்று எந்தப் பெண்ணையும் குறை சொல்ல இதில் இடமில்லை.

தாமிரபரணிப் பாசன வயலில் காரிலும் பிசானத்திலும் ஒரே களைக்கொல்லியை அடித்துக்கொண்டே வந்தால், அதற்குச் சாகிற களை போய், சாகாத களை வயலைப் பிடித்துக்கொள்ளும். குடலிலும் இதுவே நடக்கிறது. அங்கே இருக்கும் கோடிக்கணக்கான ஈ.கோலைகளில் ஒன்றிரண்டு ஏற்கெனவே அந்த மருந்துக்கு அசையாதவையாக இருக்கும். மருந்து போனதும் மற்றவை சாக, அவை பெருகுகின்றன. நல்ல சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கக்கூடியது.

இதைவிடச் சிக்கலான வழி ஒன்றும் உண்டு. மருந்தை எதிர்க்கும் மரபணுக்களைப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும். அப்படிப் பெற்றுக்கொள்வது வேறு இனப் பாக்டீரியாவாகக்கூட இருக்கலாம். ஒரே வளையத்தில் மூன்று நான்கு மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்து பயணிக்கும். அதனால்தான் ஒரு மருந்தைத் தப்பாகச் சாப்பிட்டால், சாப்பிடவே செய்யாத இன்னொரு மருந்தும் கேட்காமல் போகிறது.

ரிப்போர்ட்டில் அடிக்கடி கண்ணில் படும் “இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்” என்பது இந்த வகை. செஃபிக்சிம் மாத்திரை, செஃப்ட்ரியாக்சோன் ஊசி போன்றவற்றை உடைத்துப் பயனற்றதாக்கும் நொதியை அந்தக் கிருமி சுரக்கிறது என்று அர்த்தம். சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் ஆகியவை ஒரு குடும்பம். ஒன்று கேட்காவிட்டால் பெரும்பாலும் மற்றவையும் கேட்காது. “சிப்ரோ கேக்கல, நார்ஃப்ளாக்ஸ் குடுங்க” என்று மாற்றி வாங்குவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

கடந்த சில மாதங்களில் சாப்பிட்ட மருந்து

எல்லா ஆபத்துக் காரணிகளிலும் இதுதான் எப்போதும் முன்வரிசையில் நிற்கிறது. 2010-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வுத் தொகுப்பு, ஆன்டிபயாடிக் சாப்பிட்ட இரண்டு மாதங்களுக்குள் வரும் சிறுநீர்த் தொற்றில் எதிர்ப்புக் கிருமி (மருந்துக்குச் சாகாத கிருமி) இருக்கும் வாய்ப்பு விகிதம், சாப்பிடாதவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு என்று கணக்கிட்டது. ஓராண்டு வரைக்கும் அந்தத் தாக்கம் முழுசாக மறையவில்லை. காலம் போகப் போகக் குறைகிறது, அவ்வளவுதான். ஆகவே டாக்டரிடம் சொல்லவேண்டிய கணக்கு மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று பின்னோக்கிப் போகவேண்டும்.

இங்கேதான் பலரும் தவறவிடும் விஷயம் இருக்கிறது. “நீர்க்கடுப்புக்கு இப்பத்தான் முதல் தடவ மருந்து சாப்பிடுதேன்” என்று உண்மையாகவே சொல்வார்கள். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த மாத்திரை வாங்கியிருப்பார்கள். போன மாதம் தொண்டைவலிக்கோ பல்வலிக்கோ செஃபிக்சிம் போயிருக்கும். மருந்து எந்த நோய்க்காகப் போனாலும் குடல் வழியாகவோ ரத்தம் வழியாகவோ குடல் கிருமிகளைத் தொடுகிறது, அடுத்த நீர்க்கடுப்புக்கு வரப்போகும் கிருமியும் அங்கேதான் இருக்கிறது. சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் அந்தச் சளியைக் குணப்படுத்தியிருக்காது. எதிர்ப்புக் கிருமியை மட்டும் வளர்த்துவிட்டுப் போயிருக்கும்.

அரைகுறை அளவும் கெடுதல்தான். இரண்டு வேளை சாப்பிட்டு எரிச்சல் குறைந்ததும் நிறுத்துவது, 500 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவது, மயினிக்கு எழுதிய சீட்டில் மீந்ததை அக்கா சாப்பிடுவது எல்லாம் இதில் அடங்கும். அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே குறைந்த அளவு பென்சிலின் கிருமியை எதிர்ப்புள்ளதாக்கிவிடும் என்று எச்சரித்தார். அதே நேரம், தேவைக்கு மேல் நீட்டிச் சாப்பிட்டால் பாதுகாப்பு என்பதும் சரியில்லை. மருந்து குடலில் எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை நாளும் சாகிற கிருமி போய்ச் சாகாத கிருமி பெருகுவது நடக்கிறது. சிறுநீர்ப்பையோடு நிற்கும் சாதாரணத் தொற்றுக்கு, மருந்தைப் பொறுத்து ஒரு வேளையிலிருந்து ஐந்து நாள் வரை போதும். டாக்டர் எழுதிய நாட்கள் எத்தனையோ அத்தனையும் சாப்பிடவேண்டும், அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம். சிப்ரோஃப்ளாக்சசின் வகையைப் பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, அல்சருக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து இவற்றோடு சேர்த்து விழுங்கினால் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு, பெரும்பகுதி ரத்தத்துக்குப் போகாது. முழு அளவு சாப்பிட்டதாக நினைத்துக் குறை அளவு சாப்பிட்டதாகிவிடும். அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்கவேண்டும்.

பழைய ரிப்போர்ட்டும் ஆஸ்பத்திரிப் படுக்கையும்

முந்தைய சிறுநீர்க் கல்ச்சரில் எதிர்ப்புக் கிருமி வந்திருந்தால், இந்தத் தடவையும் அதுவே வரும் வாய்ப்பு அதிகம். குடலில் குடியேறிய அந்தக் கூட்டம் மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். பழைய ரிப்போர்ட்டைக் குணமானதும் கிழித்துப் போடுகிறவர்கள் தங்கள் கையில் இருந்த மிகச் சிறந்த துப்பைத் தொலைத்துவிடுகிறார்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாலே போதும்.

கடந்த மூன்று மாதத்துக்குள் ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தால், அதுவும் ஐ.சி.யூ.வில் இருந்திருந்தால், ஆபத்து கூடும். அங்கே வலுவான ஊசி மருந்துகள் அதிகம் ஓடுகின்றன. கடினமான கிருமிகளும் அங்கேயே கைமாறுகின்றன. இது எந்த ஒரு ஆஸ்பத்திரியின் குறையும் அல்ல, உலகம் முழுக்க அப்படித்தான். முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்கும், வாரம் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர்களுக்கும் இதே நிலை.

கத்தீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப்பைக்குள் போடும் டியூப், தனியாகப் பேசவேண்டிய விஷயம். பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, பிராஸ்டேட் அடைப்பு என்று டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பப்படும் தாத்தாக்களும் ஆச்சிகளும் நம் ஊர்களில் நிறைய. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடிக்கொண்டே போகும். ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி வந்துவிடும். அது ரப்பர்ச் சுவரில் பயோஃபிலிம் என்ற வழவழப்பான படலம் கட்டி அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். மருந்து அந்தப் படலத்துக்குள் சரியாக இறங்காது, வெளியே மிதக்கும் கிருமியை மட்டும் கொல்லும். உள்ளே இருப்பது குறைந்த அளவு மருந்தில் தேறிப் பலப்படுகிறது.

அதனால் டியூப் போட்டிருப்பவருக்குக் காய்ச்சலோ குளிரோ இல்லாதபோது, பையில் நீர் கலங்கியிருக்கிறது, வாடை அடிக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுக்கக்கூடாது. பார்த்துக்கொள்கிறவர்கள் செய்யவேண்டியது வேறு. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவேண்டும், தரையில் படக்கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் கீழ்க்குழாயைத் திறந்து காலி செய்யவேண்டும். டியூபையும் பையையும் இணைக்கும் மூட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டவே கூடாது. தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கைகழுவவேண்டும். காய்ச்சல் வந்து கல்ச்சர் எடுக்க நேர்ந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்த டியூபை மாற்றிவிட்டுப் புது டியூபிலிருந்துதான் மாதிரி எடுக்கவேண்டும். பையிலிருந்து பிடித்த நீரில் படலத்துக் கிருமிகளும் பையில் வளர்ந்தவையும்தான் வரும், நோயைக் கொடுத்தது எது என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, “இந்த டியூப் இன்னும் வேணுமா டாக்டர்?” என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். எடுக்க முடிகிற நாளிலேயே எடுத்துவிடுவதைவிட நல்ல தடுப்பு இல்லை.

கல்லடைப்புக்கு, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் பாதையில் வைக்கும் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய டியூபும் இதே மாதிரிதான். வலி போனதும் உள்ளே ஸ்டென்ட் இருப்பதையே மறந்துவிடுகிறவர்கள் உண்டு. பொதுவாகச் சில வாரங்களில் எடுக்கவேண்டிய அது, மாதக்கணக்கில் கிடந்தால் மேலே சுண்ணாம்பு படிந்து கிருமிக் கூடாகிவிடும். எடுக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கல், பிராஸ்டேட், சர்க்கரை

இவற்றில் பொதுவான விஷயம் தேங்கிய நீர் அல்லது மருந்து போகாத மூலை. சில வகைச் சிறுநீரகக் கற்களுக்குள்ளேயே பாக்டீரியா வாழும். கல் இருக்கும்வரை தொற்று திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு கோர்ஸ் போகும். பிராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் முழுக்க வெளியேறாமல் கொஞ்சம் தங்கும். நீண்டகாலச் சர்க்கரை சிறுநீர்ப்பை நரம்பைத் தளர்த்தி அதையே செய்யும்.

சர்க்கரை இருப்பதாலேயே கிருமி எதிர்ப்புள்ளதாகிவிடாது. அடிக்கடி தொற்று, அடிக்கடி மருந்து, அடிக்கடி ஆஸ்பத்திரி என்ற சங்கிலி வழியாகத்தான் பெரும்பாலும் அது நடக்கிறது. அறுபத்தைந்து வயதுக்கு மேல், ஆண்களுக்கு வரும் தொற்று, மாற்றுச் சிறுநீரகம், பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் கோளாறு இவையும் இதே கணக்கில் சேரும். ஆறு மாதத்தில் இரண்டு தடவையோ, ஒரு வருடத்தில் மூன்று தடவையோ வந்தால் மருத்துவர்கள் அதை மீண்டும் மீண்டும் வரும் தொற்று என்று தனியாகக் கணக்கில் எடுப்பார்கள். அப்போது மாத்திரையை மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுத்து மூலகாரணத்தைத் தேடவேண்டும்.

நாம் வாழும் இடமே ஒரு காரணி

ஐரோப்பிய மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, அண்மையில் தெற்காசியாவுக்குப் போய் வந்தீர்களா என்பது. 2017-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், தெற்காசியா வந்து திரும்பிய பயணிகளில் நான்கில் மூவர் புதிதாக இ.எஸ்.பி.எல். கிருமியைக் குடலில் சுமந்து சென்றிருந்தார்கள். அவர்களுக்குப் பயணம் ஆபத்து என்றால், இங்கேயே வாழ்கிற நமக்கு அன்றாடச் சாப்பாடும் தண்ணீரும் அதே ஆபத்துதான். மேலே சொன்ன எந்தக் காரணியும் இல்லாத இளம்பெண்ணுக்கும் நம் நாட்டில் எதிர்ப்புக் கிருமி வரக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் நடத்தும் கண்காணிப்பில், சிறுநீரில் வரும் ஈ.கோலையில் பாதிக்கும் மேல் சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்துக்குக் கேட்பதில்லை. மெடிக்கலில் முதலில் கைநீட்டி எடுக்கப்படும் மருந்தே அதுவாக இருப்பதுதான் வருத்தமான விஷயம்.

கோழி, மாடு வளர்ப்பில் போகும் ஆன்டிபயாடிக்கும் இதில் பங்கு வகிக்கிறது. கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது. வீட்டில் நாம் செய்யக்கூடியது, பச்சைக்கறி வெட்டிய பலகையையும் கையையும் உடனே கழுவுவதும், கறியை நன்றாக வேகவைப்பதும்.

அறிகுறி இல்லாத கிருமி

மாஸ்டர் செக்கப்பில் “பஸ் செல் (சீழணு) 8-10” என்று வந்ததும் பயந்து ஐந்து நாள் மாத்திரை சாப்பிடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. எரிச்சலும் முட்டலும் காய்ச்சலும் இல்லாத ஒருவருக்கு, சிறுநீரில் சீழணுவோ கிருமியோ தெரிந்தால் மட்டும் மருந்து தேவையில்லை. வயதானவர்களிடமும் சர்க்கரை உள்ளவர்களிடமும் இப்படிக் கிருமி அமைதியாக இருப்பது சகஜம். அதைக் கொல்லப் போனால் அதன் இடத்துக்கு முரட்டுக் கிருமி வரும். விதிவிலக்கு இரண்டு. கர்ப்பிணிகளுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் மருந்து கொடுக்கவேண்டும், இல்லையேல் சிறுநீரகம் வரை ஏறக்கூடும். சிறுநீர்ப் பாதைக்குள் கருவி விட்டுச் செய்யும் அறுவைக்கு முன்பும் கொடுக்கவேண்டும்.

கல்ச்சர் எடுப்பது எப்படி

ஆபத்துக் காரணி ஒன்றாவது இருந்தால் கல்ச்சர் எடுக்காமல் மருந்து தொடங்கக்கூடாது. ஆண்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், காய்ச்சலோடு வருகிறவர்கள், மருந்து முடித்த சில வாரத்துக்குள் திரும்ப வந்தவர்கள் எல்லோருக்கும் கட்டாயம். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரியாஸ்பத்திரியிலும் தனியார் லேப்களிலும் இதைச் செய்கிறார்கள்.

முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரி கொடுக்கவேண்டும். ஒரே ஒரு வேளை மாத்திரை போய்விட்டாலும் லேப் தட்டில் கிருமி வளராமல் போகலாம். லேப் கொடுக்கும் கிருமிநீக்கிய டப்பாவைத்தான் பயன்படுத்தவேண்டும், வீட்டுப் பாட்டில் கூடாது. பெண்கள் முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவித் துடைத்து, இதழ்களை விரித்துப் பிடித்துக்கொண்டு, முதலில் வரும் நீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதில் 10 முதல் 20 மில்லி பிடிக்கவேண்டும். டப்பாவின் உள்விளிம்பில் விரலோ தோலோ படக்கூடாது.

பிடித்த ஒரு மணி நேரத்தில் லேப்புக்குப் போய்ச் சேரவேண்டும். நம் பக்கம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். அம்பாசமுத்திரத்திலோ களக்காட்டிலோ காலையில் பிடித்ததை உச்சிவெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்தால், வழியிலேயே கிருமி பெருகி, தோலிலிருந்து ஒட்டிய நாலு கிருமியும் நோய்க்கிருமி மாதிரித் தெரியும். ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைத்தால் 24 மணி நேரம் வரை தாங்கும். தூரத்து ஊர்க்காரர்கள் லேப்புக்கு வந்தே கொடுப்பது நல்லது, முடியாவிட்டால் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம். கலெக்‌ஷன் சென்டரில் கொடுத்தால், மாதிரியை எத்தனை மணிக்கு அனுப்புவார்கள், அதுவரை எங்கே வைப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ரிப்போர்ட்டில் மூன்று நான்கு வகைக் கிருமி கலந்து வளர்ந்ததாக வந்தால் மாதிரி கெட்டிருக்கிறது, மறுபடி எடுக்கவேண்டும்.

முடிவு வரச் சுமார் இரண்டு நாள் ஆகும். மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் கிருமிக்கு மேல் என்பது வழக்கமான எல்லை. அறிகுறி தெளிவாக இருப்பவருக்கு அதற்குக் குறைவாக இருந்தாலும் கணக்கில் எடுப்பார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் நேரே “எஸ்” என்றால் கேட்கும், “ஆர்” என்றால் கேட்காது. பக்கத்தில் இருக்கும் எம்.ஐ.சி. (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு) எண்ணைப் பார்த்து, எண் சிறியதாக உள்ள மருந்துதான் பலமானது என்று ஒப்பிடக்கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. “எஸ்” பட்டியலில் இருப்பதிலேயே பெரிய ஊசியைத் தேர்ந்தெடுப்பதும் சரியில்லை. நோய் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருகிற, மற்றக் கிருமிகளை ஆகக் குறைவாகத் தொந்தரவு செய்கிற மருந்துதான் நல்ல மருந்து.

இன்னும் கேட்கும் மருந்துகள்

சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயினும் ஃபாஸ்ஃபோமைசினும் நம் நாட்டில் இன்னும் பெரும்பாலும் கேட்கின்றன. நைட்ரோஃபுரான்டாயின் வழக்கமாக 100 மில்லிகிராம் காலை, இரவு என்று ஐந்து நாள், சாப்பாட்டோடு சாப்பிடுவது. சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்படவேண்டாம். எரிச்சலுக்குக் குடிக்கும் காரத்தன்மை கூட்டும் சிட்ரேட் சிரப்பை இதோடு சேர்த்தால் மருந்தின் வேகம் குறையும். சிறுநீரகம் ரொம்பப் பழுதானவர்களுக்கும், ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் ரத்தச் சிவப்பணு உடையும் பிறவிக் குறை) உள்ளவர்களுக்கும், பிரசவம் நெருங்கியவர்களுக்கும் கூடாது. சிறுநீரில் மட்டுமே செறிவதால், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் ரிப்போர்ட்டில் “எஸ்” என்று இருந்தாலும் இது போதாது. புரோட்டியஸ் என்ற கிருமிக்கு இது இயல்பாகவே கேட்காது. ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி, அரை டம்ளர் பச்சைத்தண்ணீரில் கரைத்து ஒரே வேளை, வெந்நீரில் கரைக்கக்கூடாது. இரண்டையும் டாக்டர் எழுதித்தான் வாங்கவேண்டும். மெடிக்கலில் சும்மா வாங்கத் தொடங்கினால் சிப்ரோவுக்கு வந்த கதி இவற்றுக்கும் வரும்.

இ.எஸ்.பி.எல். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால், பெரும்பாலும் வாய்வழி மருந்து கேட்காமல் அமிகாசின், எர்டாபெனெம், மெரோபெனெம் என்று ஊசியில் போய் நிற்கும். தினமும் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்கவேண்டும், அல்லது படுக்கவேண்டும். கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு மருந்துச் செலவோடு வேலை போன நாட்களும் சேரும். செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் உட்படப் பல மருந்துகள் மருந்து விற்பனை விதிகளின் ஹெச்1 அட்டவணையில் 2014 மார்ச் முதல் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. நோயாளி, டாக்டர் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கவேண்டும். கடைக்கார அண்ணாச்சி சீட்டுக் கேட்டால் கோபப்படாதீர்கள், அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

தொற்று குறைந்தால் மருந்தும் குறையும்

முக்கூடல், மேலப்பாளையம், வீரவநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் தட்டை மடியில் வைத்தால் எழுந்திருக்க மனம் வராமல் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். வயல்வேலைக்கும் கடைவேலைக்கும் போகிறவர்களுக்கு ஒதுங்க இடமில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கழிப்பறைக்கு அஞ்சி அடக்கிவைப்பார்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி தொற்று வந்துகொண்டிருந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேர் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 தடவை தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை. ஆன்டிபயாடிக் கோர்ஸும் அதே விகிதத்தில் குறைந்தது. எதிர்ப்பைத் தடுக்க இவ்வளவு மலிவான வழி வேறில்லை. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டில் வைத்து, மதியத்துக்குள் ஒன்று, சாயங்காலத்துக்குள் ஒன்று என்று காலி செய்யலாம். இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கூட்டவேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அடிக்கடி வந்தால் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நல்ல பலன் தரும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறார்கள். பெண் டாக்டரிடமாவது கேட்டுவிடுங்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி, வயதானவர்களுக்குத் திடீர்க் குழப்பம், நீர் போவது குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கல்ச்சர் முடிவுக்கு இரண்டு நாள் காத்திருக்கக்கூடாது. மாதிரி எடுத்துவிட்டு, பழைய சீட்டு, ரிப்போர்ட்களைப் பார்த்து டாக்டர் ஒரு மருந்தைத் தொடங்குவார், முடிவு வந்ததும் அதைக் குறுக்குவார் அல்லது மாற்றுவார். சாதாரண நீர்க்கடுப்பில் மருந்து தொடங்கி இரண்டு நாளில் எரிச்சல் குறையத் தொடங்கவேண்டும். குறையாவிட்டால் வேறு மாத்திரை வாங்கிப் பார்க்காமல் ரிப்போர்ட்டோடு திரும்பப் போங்கள். தொல்லை முழுக்கப் போய்விட்டால் மறுபடி கல்ச்சர் எடுத்துச் சோதிக்கத் தேவையில்லை. கர்ப்பிணிகள் மட்டும் மருந்து முடிந்து ஓரிரு வாரத்தில் ஒரு தடவை எடுக்கவேண்டும்.